ஓரத் துளை

உங்கள் ஸ்டேஷன் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் ஐயா. பரவாயில்லை, குடிக்கிறேன்.

கல் எப்படி உடையும் என்று கேட்டீர்கள். வெடிமருந்தைக் கொட்டினால் மட்டும் உடைந்துவிடாது. துளைக்கும் துளைக்கும் நடுவே எத்தனை அடி, துளையின் வாயைக் கல் சில்லு போட்டு எவ்வளவு அடைக்கிறோம், விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். முக்கியம், துளைக்கு முன்னால் நிற்கும் பாறையின் தடிமன். அது கூடினால் கல் பெரிது பெரிதாக விழும். குறைந்தால் பொடியாகும், ஆனால் பறக்கும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் எனக்குச் சோறு போட்டது.

என் தங்கையின் கணவன் நான் வெடி வைக்கும் குவாரியிலேயே, கல்லை அரைத்து ஜல்லியாக்கும் கிரஷர் ஓட்டினான். சேர்த்துவிட்டதே நான்தான். பெரிய கல் கிரஷர் வாயில் சிக்கினால் அவனுக்கு அரை நாள் வேலை கெடும். அதற்கு அவன் கோபப்பட்டிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் சிரித்தான்.

"மச்சான் வெடி வெச்சா கல்லு உடையாது, திரும்பிப் படுத்துக்கும்" என்பான். என் வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் சொன்னான். தங்கையும் சிரித்தாள். போன மாதம் மேனேஜர் அதே வார்த்தையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொன்னார். மாப்பிள்ளை விளையாட்டாகத்தான் பேசினான். என் பிழைப்பில் மண் விழுந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

சைரன் அடித்ததும் எல்லாரும் மறைப்புக்குள் போய்விடுவார்கள். அவன் மட்டும் பழைய தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்று, தலையை நீட்டி, பெரிய கல் எத்தனை விழுகிறது என்று எண்ணுவான். "அங்க நிக்காதே மாப்பிள்ளை" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை.

லாரியைப் பார்த்த ஓரத் துளையை நானே விளிம்புக்கு நெருக்கிப் போட்டிருந்தேன். முன்னால் இரண்டடிப் பாறைகூட இல்லை. மருந்தைக் குறைக்கவில்லை. தேங்காய் அளவு கல் ஒன்றுதான் அவன் பக்கம் போனது. வலித்திருக்காது என்றார் டாக்டர்.

தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். இங்கே வரப் புறப்பட்டபோதுகூட, "பார்த்துப் போ அண்ணா" என்றாள்.

பாறையில் விரிசல் இருந்ததாக உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். விரிசல் இல்லை ஐயா, நல்ல பாறை. கல் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போனது.

மற்றபடி அன்று விழுந்த கல்லை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவு, ஒன்றுகூட கிரஷர் வாயில் சிக்கவில்லை. அதைப் பார்க்க அவன் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.