நேராகப் போன கதிரை

“என்ர மனிசி நேற்று என்னோடை கோவிச்சுக்கொண்டு தமக்கை வீட்டை போனவா. அதுக்குத்தான் உமக்கு நன்றி சொல்லோணும், தங்கச்சி.”

ஊர்காவற்றுறை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த மீனவர், மின்சாரச் சக்கரக் கதிரை திருத்தும் பெண்ணிடம் சொன்னார்.

“முந்தி திருப்புற பிடியை, அந்த ஜொய்ஸ்டிக்கைத் தொடாமலே அவவின்ரை கதிரை கிணத்துப் பக்கம் இழுக்கும்.”

“வள்ள இஞ்சினுக்குப் பூசுற கிறீசை அதுக்கும் பூசினா, மணல் ஒட்டாமல் என்ன செய்யும், அண்ணை? நான் செய்த புதுப் பிடிக்குள்ளை காந்தம். ஒண்டோடொண்டு உரசாது, தேயாது. ரப்பர் உறையும் போட்டனான், உப்புக்காத்து உள்ளுக்குப் போகாது.”

“ஓம், ஓம். தானே கதிரையைத் திருப்பி, வாசல் படலையைத் தாண்டிப் போறா. கதிரை நேராப் போகுது. நான் கூப்பிடேல்லை. பின்னாலை நிண்டு கும்பிட்டனான்.”