உள்பக்கம் சோப்புப் பவுடர்

— தலையில பசையப் பூசினது யாருடா?

— நான் இல்ல.

— உன் தலைதான்டா அது! வேற யாரு வந்து பூசுவா?

— அதாவது, அம்மா, அவனுக்குத் தலை அரிச்சுது. சொறிஞ்சான். கையில பசை இருந்துச்சு. அவ்வளவுதான்.

— வந்துட்டா தம்பிக்கு வக்கீல்! லீவு விட்டு முழுசா ஒரு நாள் ஆகல, ரெண்டு பேரும் என் உசிர வாங்குறீங்க. அஞ்சு மணிக்கு உங்கப்பா வந்துடுவாரு. அதுக்குள்ள அலங்காரம் முடியணும், இவன் தலைய அலசணும், துணிமணி எடுத்து வைக்கணும்.

— பண்டிகைக்கு நாங்க இங்க இருக்க மாட்டோம்ல? அப்புறம் எதுக்கு இப்பவே ஒட்டுறோம்?

— முதல்ல அப்பா வீடு, அப்புறம் இங்க. நூறு தடவ சொல்லியாச்சு. நீங்க திரும்பி வரும்போது இதுவும் ஒரு வீடு மாதிரி இருக்க வேண்டாமா? குடி வந்ததுலேருந்து சுவரெல்லாம் மொட்டையா, பாக்கவே எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

— அம்மா, காகிதச் சங்கிலி அறுந்துடுச்சு.

— எப்படி?

— நான் இல்ல. அதுவே.

— மேல ஏறி உக்காந்தா அதுவே அறுந்துரும்டா கண்ணா. எந்திரி! ஐயையோ, ஜிகினா பூரா உன் பின்னாடி ஒட்டியிருக்கு!

— அம்மா, அவன் டிரௌசர் மின்னுது!

— நீ வேற இளிக்காத. ஸ்டூலப் பிடிங்க ரெண்டு பேரும். ஜன்னலுக்கு மேல இருக்குற கொக்கியில ஒரு முனைய மாட்டிட்டா போதும்... ஆட்டாதீங்க சனியன்களா, விழுந்து தொலையப் போறேன்!

— எட்டலையாம்மா?

— எட்டும்.

— எங்க எட்டுது? குதிகாலத் தூக்கியும் எட்டல. அதாவது, அப்பா வந்ததும் மேல கூப்பிட்டா, அவரு ஸ்டூலே இல்லாம...

— ஒண்ணும் வேண்டாம். என் வீட்டு வேலைய நானே பாத்துக்குவேன். எனக்கு யார் தயவும் வேண்டாம். சங்கிலி கிடக்கட்டும். நட்சத்திரமெல்லாம் என்ன ஆச்சு? ஒட்டியாச்சா?

— எப்பவோ! திரும்பிப் பாரு. ஜன்னல் கண்ணாடி முழுக்க.

— கடவுளே.

— அழகா இருக்காம்மா?

— என்னடி பண்ணி வெச்சிருக்கீங்க! அத்தனையும் தலைகீழ்... இல்ல, முன்ன பின்ன மாத்தி! சோப்புப் பவுடர் டப்பாவ வெட்டி வெட்டி என் விரல் கொப்பளிச்சுப் போச்சு. நீங்களும் காலையிலேருந்து உக்காந்து பெயிண்ட் அடிச்சீங்க, ஜிகினா தூவினீங்க. அந்தப் பக்கத்தையா கண்ணாடியோட சேத்து ஒட்டுவாங்க? உள்ள நின்னு பாத்தா ‘கறை போயே போச்சு’, ‘ஒரு கிலோ’, ‘கறை போயே போச்சு’... இது வீடா, சலவைக் கடையா?

— அதாவது, தெரிஞ்சுதான் ஒட்டினோம்.

— தெரிஞ்சா? எந்தப் புத்திசாலி சொன்ன யோசனை இது?

— நான்தான்.

— அடேயப்பா! பொறந்ததுலேருந்து இன்னைக்குத்தான் ஒண்ண ஒத்துக்கிட்டான். ஏன்டா ராசா, நம்ம நட்சத்திரம் நமக்குத் தெரிய வேண்டாமா? தெருவுல போறவன் வர்றவனுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?

— இல்ல. அப்பாக்கு.

— அப்பாவுக்கா?

— அப்பா கீழ கேட் பக்கத்துலயே நிப்பாரு. மேல வரவே மாட்டாரு. அன்னைக்கு மழையிலகூட அங்கயே நின்னாரு. உள்ள பாத்து ஒட்டினா அவருக்கு எப்படித் தெரியும்?

— நீதானம்மா அவர வாசலோட நிக்கச் சொன்ன. அதான் இவன் சொன்னதும் நானும் சரின்னுட்டேன். அம்மா? கோவமா? கழட்டிரவா?

— வேண்டாம். தொடாத.

— கார்! அப்பா கார்! அக்கா, இறங்கிட்டாரு! அண்ணாந்து பாக்குறாரு! நம்ம நட்சத்திரத்தத்தான் பாக்குறாரு!

— ஐயோ, இவன் தலைய அலசவே இல்ல. பையும் கட்டல. அம்மா, அப்பாவ அங்கயே கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லட்டுமா?

— ம், சொல்லு. இல்ல, இரு. மேல வரச் சொல்லு. அம்மாவுக்குக் கொக்கி எட்டலையாம்னு சொல்லு.