தொற்று காணப்படவில்லை

போத்தல் கழுவுவதில் எனக்கு நிகரான ஆள் இந்த மாகாணத்தில் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். நான் கழுவிக் கவிழ்த்து வைத்தால் கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் வெறும் அலுமாரி என்று நினைத்துக் கையை விட்டு ஆறு குடுவைகளை உடைத்தார். அதற்கும் என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள்.

ஆகவே விளக்கம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. விசாரணைக் குழு கேட்டபடி ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

என் பெயர் நஜீப். ரம்புக்கனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஆய்வுகூட உதவியாள். மாடு, ஆடு, கோழிகளின் இரத்தமும் பாலும் சாணமும் எங்களிடம் வரும். என்ன நோய் என்று நுண்ணுயிரியல் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கும் ஒருவர் இருந்தார், டொக்டர் ஸும்றா. மிஸ் என்போம். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. அங்கே மனிதரைவிடச் செம்மறிகள் அதிகமாம். இங்கே இரண்டு மாவட்டத்துக்கு இருந்தது ஒரேயொருவர். அவரையும் செம்மறிகள் கொண்டுபோய்விட்டன.

போகும்போது மிஸ் நாற்பது வெற்று அறிக்கைத் தாள்களில் கையெழுத்திட்டு மேசை லாச்சியில் வைத்தார்.

"நஜீப் நானா, புது ஆள் வர ரெண்டு மாசம் ஆகும். சாம்பிளை எல்லாம் தலைமை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்க. அவங்க போன்ல சொல்ற பதிலை மட்டும் இதில எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் எழுதப்படாது, சரியா?"

நல்ல ஏற்பாடுதான். ஆனால் புது ஆள் வரவில்லை. தலைமை ஆய்வுகூடத்திலும் ஆள் இல்லை. அங்கே தொலைபேசியை எடுத்தவர், குரலை வைத்துப் பார்த்தால், என்னைப் போல் போத்தல் கழுவுபவர். "பெட்டி வந்து சேர்ந்திச்சு. குளிர்பெட்டியில பத்திரமா இருக்கு. பாக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார். இருவரும் சிறிது நேரம் அரிசி விலை பேசிவிட்டு வைத்துவிட்டோம்.

முதல் தாளை எழுதியது ஓர் ஆட்டுக்காக. நிவித்திகலையிலிருந்து ஒருவர் நான்கு தடவை வந்தார். நான்காம் தடவை மழையில் நனைந்தபடி, "இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க சேர்" என்றார். மனம் கேட்கவில்லை. 'தொற்று காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பொய்யென்று சொல்ல முடியாது. யாரும் பார்க்கவில்லை, ஆகவே காணப்படவும் இல்லை. மனிதர் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நனையாமல் இருக்க நெஞ்சைக் கட்டிப் பிடித்தபடி ஓடினார். அந்த ஆடும் பிழைத்துக்கொண்டது. என்னைக் கெடுத்தது அந்த ஆடுதான்.

பிறகு ஒன்று கவனித்தேன். 'தொற்று உண்டு' என்று எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், ஆள் வரும், ஜீப் வரும். 'இல்லை' என்றால் வாழைப்பழம்தான் வரும். முப்பத்தொன்பது தாள்கள் முடிந்ததும் நாற்பதாவதைப் போட்டோக்கொப்பி எடுத்தேன். போன வருடம் அமைச்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது: இப்பிரதேசத்தில் இரண்டு வருடமாக ஒரு தொற்றும் பதிவாகவில்லை, ஆகவே வெற்றிடமாக உள்ள நிபுணர் பதவி வேறொரு மாகாணத்துக்கு மாற்றப்படுகிறது. நோயில்லாத ஊருக்கு நிபுணர் எதற்கு என்பது அவர்கள் நியாயம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. யார் வந்தாலும் முதலில் லாச்சியைத்தானே திறப்பார்கள்.

இனி வெள்ளையம்மா.

அரநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு பசுக்கள் மாதம் நிறையாமல் கன்று வீசின. கன்று வீச்சு நோய் மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் மாட்டுக்கு நேர்ந்ததே அவளுக்கும் நேரலாம். அதனால் அந்த நோயுள்ள மாட்டை வைத்திருக்க விடமாட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாடுகள் பன்னிரண்டின் இரத்தம் பன்னிரண்டு குழாய்களில் எங்களிடம் வந்தது. மறுநாள், அவற்றில் ஒன்றான செவலையின் சொந்தக்காரி வெள்ளையம்மாவும் வந்தார்.

"டொக்டர் ஐயா, செவலைக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதிருங்க."

"நான் டொக்டர் இல்லம்மா."

"வெள்ளக் கோட்டு போட்டிருக்கீங்களே."

"இது போத்தல் கழுவுற கோட்டு."

"அப்ப கழுவுற டொக்டரு. எந்த டொக்டரா இருந்தா என்னங்க, எழுதுற கை ஒங்க கைதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "மருமக சுஜீதா மாசமா இருக்காங்க, இது அஞ்சு. செவலையும் சினை. மாடு முந்துதா மருமக முந்துதான்னு லயத்துல பந்தயமே கட்டுறாங்க. மகன் கொழும்புல கடையில நிக்கிறான், தீவாளிக்குத்தான் வருவான். மாட்டப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா அந்தப் புள்ளைக்கு நான் எதைங்க குடுப்பேன்?"

இரண்டாம் நாள் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதினேன். பன்னிரண்டிலும் ஒரே வாசகம். வெள்ளையம்மா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு தாளால் ஒரு குடும்பத்தை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடியும் என்றால், நிபுணர்கள் ஏன் நாட்டைவிட்டுப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஏழு வாரம் கழித்துச் செவலை, நாள் நிறையாமல், செத்த கன்றை ஈன்றது. வெறுங்கையால் இழுத்து எடுத்தவள் சுஜீதா. மாமியாருக்கு முழங்கால் வலி. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: மாட்டின் நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டிப் பால் வடிகிற மரத்தில் தொங்கவிடுவார்கள். மாட்டுக்குப் பால் பெருகுமாம். செத்த கன்றானாலும் பால் வற்றக்கூடாதே. சுஜீதா அதை இரு கையாலும் அள்ளிச் சாக்கில் போட்டு, லயத்துக்குப் பின்னால் நின்ற பலாமரத்தில் கட்டினாள். மாட்டில் நோய் என்று தெரிந்திருந்தால் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆழக் குழிதோண்டிப் புதைத்திருப்பார்கள். அவர்களிடம் தாள் இருந்தது. கம்பியில், கரண்ட் பில்லோடு குத்தி வைத்திருந்தார்கள்.

மூன்று வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி டொக்டர் இளவயது, கெட்டிக்காரர். மாட்டைப் பற்றி விசாரித்து எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். நான்தான் பேசினேன்.

"அந்தத் தோட்டத்து மாடுகளுக்கு கன்று வீச்சு நோய் இருக்கா?"

"இல்ல சேர். பன்னிரண்டும் நெகட்டிவ். நிபுணர் கையெழுத்தோட ரிப்போர்ட் இருக்கு."

"அவங்களோட பேசலாமா?"

"மிஸ் கூட்டத்துல இருக்காங்க."

எங்கே கூட்டம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நியூசிலாந்து என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் நன்றி சொன்னார். எலிக்காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். எங்கள் பக்கம் வயலிலும் ஓடையிலும் கால் வைப்பவர்களுக்கு அதுதான் அதிகம். ஒன்பதாம் நாள் குழந்தை தவறியது. ஆண் குழந்தை. நோய் இருதயத்தில் ஏறி, அதற்கு இரண்டு வாரம் கழித்துச் சுஜீதாவும் போய்விட்டாள்.

செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் மனம் கேட்காது. வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு விதிச்சது இவ்வளவுதாங்க. நல்லவேளை, மாட்டுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. செவலையாச்சும் இருக்கு" என்றார். எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். பால் தேத்தண்ணீர். நான் வேண்டாம் என்றேன். "பாலை நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். நல்ல புத்திதானே.

பிறகு ஆஸ்பத்திரி டொக்டர் சும்மா இருக்கவில்லை. சுஜீதாவின் இரத்தத்தை வேறிடத்துக்கு அனுப்பிக் கிருமியைக் கண்டுபிடித்தார். நீங்கள் மிஸ்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினீர்கள். லாச்சியைத் திறந்தீர்கள். அதெல்லாம் கோப்பில் இருக்கிறது, ஒன்றையும் மறுக்கவில்லை.

குற்றப்பத்திரத்தில் ஒரேயொரு பிழை. மூன்றாம் பந்தியில் 'பரிசோதனை எதுவும் செய்யாமலே பன்னிரண்டு அறிக்கைகளை வழங்கினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கள். மற்றவற்றுக்கு அது பொருந்தும். அந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் பொருந்தாது.

வெள்ளையம்மா வந்து போன அன்று பின்னேரம் நான் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்தேன். மிஸ் செய்வதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மாட்டு இரத்தத்தின் தெளிந்த நீர் ஒரு துளி, ரோசா நிற மருந்து ஒரு துளி. கலக்கி, நாலு நிமிடம் மெல்ல ஆட்ட வேண்டும். நோய் இல்லாவிட்டால் ஒரே சீராக இருக்கும். இருந்தால் திரிந்த பால் போலத் திரளும். ஐந்து திரண்டன. செவலையினுடையது இரண்டு நிமிடத்திலேயே திரண்டது. பிழையாக இருக்கலாம் என்று ஓட்டைக் கழுவி மறுபடியும் செய்தேன். அதே ஐந்துதான். மிஸ் செய்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் எழுதினேன். உண்டு என்று எழுதினால், பார்த்தது யார் என்று கேட்பீர்கள்.

எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். வேலையில் கவனமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.