ஒண்ணுமில்லாத வண்டி

இல்ல தாயி, உள்ள வரல. இங்கன வாசல்லயே நிக்கேன். கதவுச் சங்கிலியக் கழட்டாத, கெடக்கட்டும், அதான் நல்லது. எம்பேரு பிரம்மநாயகம். சுனாபட்டியில பழைய காரு வாங்கி விக்கேன், இருவது வருசமா. ஒனக்கு விக்க வரல. இது வேற சோலி.

தமிழ் நல்லாப் பேசுதியே, எந்த ஊரு? பம்பாய்லயே பொறந்ததா. சரி, அப்படியே இருக்கட்டும்.

எங்கிட்ட புது மாடலு ஒண்ணும் கெடையாது பாத்துக்கோ. டிவி கணக்கா ஒரு திரை, பெல்ட்டு போடலன்னா கீ கீன்னு கத்துறது, எங்க போனாலும் போன்ல காட்டுறது, அதெல்லாம் எனக்கு ஆவாது. பழைய மாருதி எண்ணூறுதான். கண்ணாடியக் கையாலச் சுத்தி எறக்கணும். ரிப்பேர்னா தாராவி சந்துல எந்த மெக்கானிக்கும் ஒரு ஸ்பேனர வச்சே சரி பண்ணிருவான். டியூசன் டீச்சர்மாரு வாங்குதாவ, பூ யாவாரி வாங்குதான். ஒண்ணுமில்லாத வண்டிம்மா. சொன்னதக் கேக்கும், போன எடத்த யார்ட்டயும் சொல்லாது. வார ஆளுகிட்டல்லாம் இதத்தான் சொல்லுவேன்.

செவ்வாக்கெழம வந்தவர்கிட்டயும் சொன்னேன். நம்மூரு ஆளு, அறுவது வயசிருக்கும், வெள்ள வேட்டி. கூட ரெண்டு தடிப்பயலுவ. யார்ட்டயும் சொல்லாதுன்னதும் அவரு மொகத்துல ஒரு தெளிச்சி. எனக்கும் சந்தோசம். நம்மள மாதிரி ஒரு ஆளு, பவுசு வேண்டாம்னு நெனைக்கவருன்னு எடுத்துக்கிட்டேன்.

முன் கண்ணாடியில டோல் ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சு. அதக் கிழிச்சிரும்னாரு. இல்லன்னா டோல்கேட்டுல ரெட்டிப்பாக் கேப்பான் அண்ணாச்சின்னேன். கேக்கட்டும்னாரு. வண்டிய ஓட்டிப் பாக்கல. டிக்கியத் தொறந்து ரொம்ப நேரம் பாத்தாரு. பின் கதவு உள்ள இருந்து தொறக்குமான்னு கேட்டாரு. சின்னப் புள்ளைகளுக்குன்னு ஒரு பூட்டு இருக்கு, அதத் தட்டி வச்சா வெளிய இருந்துதான் தொறக்கலாம்னேன். தட்டி வையும்னாரு. பேரப்புள்ளையக் கூட்டிட்டுப் போறாரு போலன்னு நானே தட்டுனேன், ரெண்டு கதவுலயும், இந்தக் கையால. புள்ளைக்கு என்ன வயசு அண்ணாச்சின்னு கேட்டேன்.

இருவத்தி மூணுன்னாரு.

நான் சிரிச்சேன், கேலிக்குச் சொல்லுதாருன்னு. அவரு சிரிக்கல. அந்தப் பயலுவளும் சிரிக்கல.

பெறவு சட்டப் பையில இருந்து ஒரு சீட்ட எடுத்தாரு. இந்தியில எழுதியிருந்துச்சு, அவருக்கு வாசிக்கத் தெரியல. நான்தான் வாசிச்சேன். பாண்டுப், சாய் கிருபா பில்டிங், மூணாவது மாடி, மகேஷ்குமார். ஆமா தாயி. இந்தக் கதவுல போட்டிருக்க பேருதான்.

கதவச் சாத்திராத. சுத்தி வளச்சுப் பேசுதேன்னு கோவிச்சுக்காத. கதவத் தொறந்த ஒடனே ஒரு புள்ளைகிட்ட இத எப்படிச் சொல்ல? ரெண்டு ராத்திரி எனக்கு ஒறக்கமில்ல.

அந்த மகேஷ்குமார் பையன் ஆபீஸ்லயா? இங்க வரச் சொல்லாத. தாதர் ஸ்டேசன்ல, கூட்டத்துக்குள்ள நிக்கச் சொல்லு. போலீசுக்குச் சொல்லணும்னா இப்பவே வாரேன். நான் வித்த வண்டி, நானே வாக்குமூலம் குடுக்கேன்.

நேத்தே வண்டிய எடுக்க வந்துட்டாரு. கார்பரேட்டரக் கழட்டி வீட்டுல கொண்டு வச்சுட்டேன், அது இல்லாம வண்டி கெளம்பாது. ஒரு சாமான் வரணும், இன்னைக்குச் சாயங்காலம் ஆவும்னு சொல்லியிருக்கேன். வேற கடைக்குப் போயிருவாரோன்னு பயந்தேன். போவல. இதுதான் வேணுமாம். காலையில எட்டு மணியில இருந்து கடை பெஞ்சிலதான் இருக்காவ மூணு பேரும். சாமான் வாங்கப் போறேன்னுட்டு நான் இங்க வந்தேன். நாலு மணிக்குள்ள திரும்பணும், இல்லன்னா சந்தேகம் வந்துரும். நீ பெட்டியெல்லாம் கட்டாத. செருப்பு மாட்டு, போதும்.

நல்லாத்தான் பேசுதாரு, பாத்துக்கோ. என் வீட்டுக்காரி சொகமான்னுகூட விசாரிச்சாரு. ரெண்டு தடவ டீ வாங்கிக் குடுத்தேன், சீனி போடாம வேணும்னாரு. ஒங்கப்பாவுக்குச் சர்க்கரை ரொம்ப நாளாவே இருக்கோ?