கயிறு பிடிக்க ஆளில்லாத தொட்டி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் லைனில் பேக்கிங் பார்க்கிறாளே மோனிகா, அவள் சித்தப்பா முனுசாமிக்கு நடந்தது இது. போன ஐப்பசி. ராத்திரி மணி ஒன்றரை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கச் சாலை... ஒரு லாரிகூட இல்லை.

அவருக்குக் கம்பெனிகளின் கழிவுநீர்த் தொட்டி கழுவும் வேலை. எப்போதும் இரண்டு பேர். ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். இன்னொருவர் மேலே கயிற்றைப் பிடித்தபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பதில் நின்றால் உடனே இழுத்துவிட வேண்டும். அன்றைக்கு ஜோடி பென்னி போன் செய்தான்.

"கொயந்தைக்கு ஜொரம்ணா. நான் வர்றவரைக்கும் எறங்காத."

"நீ இல்லன்னா இன்னா, எனக்குக் கை இல்லியா?"

வீம்பு பிடித்த மனுஷன். விடிவதற்குள் முடித்துவிடலாம் என்று இடுப்புக் கயிற்றின் மறுமுனையைத் தூணில் கட்டினார். இறங்கினார்.

உள்ளே அழுகிய முட்டை நாற்றம். முழங்கால் வரை சகதி. சொட்... சொட்... கொஞ்ச நேரத்தில் அந்த நாற்றமே தெரியவில்லை. விஷவாயு ஏறிக் கால் துவண்டது. கத்தப் பார்த்தார், குரல் வரவில்லை. ஐயோ, பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் இப்படியா சாகப் போகிறோம் என்று அழுகையே வந்துவிட்டது.

"முனுசாமிண்ணா..."

மேலிருந்து குரல். பென்னி வந்துவிட்டான்! கயிறு விறைத்தது. சரசரவென்று மேலே போனார். விளிம்பைப் பிடித்து ஏறி, வெளியே விழுந்து, காற்றை அள்ளி அள்ளிக் குடித்தார்.

யாரும் இல்லை. தூணில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

பதறிப்போய் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். அது நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. உள்ளேயிருந்து... அதே குரல்.

"நான் உன்னத் தூக்கிவுட்டேன்ல... இப்ப நீ என்னத் தூக்குண்ணா. எனக்குக் கயிறு புடிக்க யாருமே வர்ல."

எப்படி மறுப்பது? உயிரைக் காப்பாற்றியவன் கேட்கிறான். கயிற்றை இழுத்தார். கனம்... ஒரு முழு ஆள் கனம். சகதி வழியும் சத்தம் மேலே மேலே வந்தது. விளிம்பில் நான்கு விரல்கள் தெரிந்தன. ஒன்றிலும் நகம் இல்லை.

கயிற்றை விட்டுவிட்டார்.

தொப்பென்று ஒரு சத்தம். ஓடத் திரும்பினார். அப்போது கீழேயிருந்து, துளிக்கூடக் கோபம் இல்லாமல்:

"பரவால்லண்ணா... இன்னொருத்தன் தனியா வராமலா பூடுவான்?"