அறிவிப்பு வர்ற வரைக்கும்

தமிழ்செல்வி: நவாதா ஸ்டேஷன் தாண்டியாச்சு. துவாரகா வரப்போற நேரத்துல வீடு வாங்க வேணாம்ங்கறீங்க?

கௌதமன்: வேணாம்னு சொல்லல செல்வி. அட்வான்ஸைக் கொஞ்சம் தள்ளிக் கொடுப்போம்னுதான்...

தமிழ்செல்வி: எப்பப் பாத்தாலும் இதே பாட்டு. தண்ணி வராதுன்னீங்க. அப்புறம் பால்கனி வடக்கு பாத்து இருக்குன்னீங்க...

கௌதமன்: குளிர்காலத்துல வெயில் வராதேம்மா.

தமிழ்செல்வி: இப்ப இருக்கற கரோல் பாக் வீட்ல மட்டும் வெயில் கொட்டுதாக்கும்! ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுக்காரர் பல் தேய்க்கறதுதான் தெரியுது.

கௌதமன்: மெதுவா பேசு. பாக்கறாங்க.

தமிழ்செல்வி: இந்த டெல்லி மெட்ரோல தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் காட்டுங்க, நிறுத்திடறேன்.

கௌதமன்: லோன் உன் சம்பளத்தையும் நம்பித்தானே...

தமிழ்செல்வி: என் சம்பளத்துக்கு என்ன? மருந்து கம்பெனிங்க. நோய் நின்னுடுமா?

கௌதமன்: அதில்ல...

தமிழ்செல்வி: பின்னே?

கௌதமன்: என்னால சொல்ல முடியாது. கேக்காத.

தமிழ்செல்வி: பொண்டாட்டிகிட்டகூடவா?

கௌதமன்: யார் எந்தக் கம்பெனியை வாங்கறாங்கன்னு முன்னாடியே கசிஞ்சா, எவனாவது பங்கு வாங்கிப் போட்டு லாபம் பாத்துடுவான். வீட்லகூட மூச்சு விடக்கூடாது. சட்டம்.

தமிழ்செல்வி: அச்சா, வக்கீல் சார்.

கௌதமன்: கிண்டல் பண்ணாத. எனக்குச் சோறே இறங்கல.

தமிழ்செல்வி: தெரியும். என் ரசத்தைக் குறை சொல்லாம குடிச்சப்பவே நினைச்சேன்...

கௌதமன்: இரு, போன்... வந்துடுச்சு.

தமிழ்செல்வி: என்ன?

கௌதமன்: அறிவிப்பு. பங்குச் சந்தைக்குச் சொல்லியாச்சு, இனிமே பேசலாம். செல்வி... உங்க கம்பெனியை ஒரு ஜெர்மன் கம்பெனிக்காரங்க முழுசா வாங்கறாங்க. அவங்களுக்கு வக்கீல் நாங்கதான்.

தமிழ்செல்வி: சரி, அப்புறம்?

கௌதமன்: ஓடிட்டிருக்கற மருந்து கம்பெனியை வெளிநாட்டுக்காரங்க முழுசா வாங்கணும்னா அரசாங்க அனுமதி வேணும். அது வர்ற வரைக்கும் யாரையும் தொடமாட்டாங்க. அப்புறம்... டெல்லி ஆபீஸை மூடறாங்க. மன்னிச்சுடும்மா. தினமும் உன் பக்கத்துல படுத்துக்கிட்டு...

தமிழ்செல்வி: விடுங்க. உங்க தப்பு என்ன இருக்கு?

கௌதமன்: என்ன இவ்வளவு சாதாரணமா... ஏய், உனக்குத் தெரியுமா?

தமிழ்செல்வி: ஆள் எடுக்கறதும் அனுப்பறதும் என் டிபார்ட்மென்ட்தானே. மூடறதுக்கு முன்னாடி எங்க எம்.டி. வேற யாரைக் கூப்பிட்டுப் பேசுவாரு? எதிர்த்தரப்பு வக்கீல் யாருன்னும் அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு.

கௌதமன்: அடிப்பாவி! அப்புறம் எதுக்கு வீடு வீடுன்னு உசிரை எடுத்தே?

தமிழ்செல்வி: நான் திடீர்னு வேணாம்னு சொல்லியிருந்தா எனக்கும் தெரியும்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. நானும் வாயைத் திறக்க மாட்டேன்னு கையெழுத்து போட்டவதாங்க.

கௌதமன்: நான் இன்னிக்கு அட்வான்ஸைக் கொடுத்திருந்தா?

தமிழ்செல்வி: கொடுக்க மாட்டீங்கன்னு ஒரு தைரியம்தான்.

கௌதமன்: சரி... உன்னை மட்டுமாவது வேற ஊர் ஆபீஸுக்கு மாத்துவாங்களா?

தமிழ்செல்வி: மும்பைக்கு வான்னாங்க. நான்தான் அனுப்பறவங்கள்ல முதல்ல என் பேரைப் போடச் சொன்னேன். மத்தவங்க முகத்தைப் பாத்து 'நாளைலேர்ந்து வராதீங்க'ன்னு நான்தானே சொல்லணும்? எனக்கு வேலையை வச்சுக்கிட்டு அதை எப்படிங்க சொல்றது?