தராசுக்கு முந்திய கண்

"தராசு வேண்டாம், தங்கச்சி. நான் இருக்கிறன்."

எண்பத்தாறில் ஒரு சனிக்கிழமை, கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் மீன்கடை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கம்பளித் தொப்பிக்காரர்தான் அப்படிச் சொன்னார். கடைக்காரியின் கையில் ஒரு பாரை மீன்.

"இஞ்ச நிறுக்காமல் விக்கேலாது, அண்ணை."

"பருத்தித்துறைக் கரையிலை மீனைக் கண்ணாலை பாத்துத்தான் ஏலம் கூறுறது. இருபது வருசம் நான் கூறினனான். உது நாலு றாத்தல்."

"உங்கடை ஊருக்கு மீனிலை மட்டும்தான் பெருமையோ?"

"ஏன்? பாய்க்கப்பலிலை பருத்தி ஏத்தி இந்தியாக் கரைக்குப் போன துறையெல்லே. ஊரின்ரை பேரே அதுதானே!"

"இப்ப?"

"இப்ப நேவி கடலுக்கு இறங்க விடுறானில்லை. கண் மட்டும் என்னோடை வந்திட்டுது."

அவள் மீனைத் தராசில் வைத்தாள். முள் நாலைத் தாண்டி நின்றது. வரிசையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"செவிளுக்குள்ளை ஐஸ் கிடக்கு. தட்டிப்போட்டு வையும்."

தட்டினாள். ஐஸ்கட்டிகள் உதிர்ந்தன. முள் நாலில் வந்து நின்றது.

அடுத்தது என் முறை. நான் காட்டிய மீனை எடுத்தவள், தராசுப் பக்கம் திரும்பாமல் அவரிடம் நீட்டினாள்.

"அண்ணை, இது எவ்வளவு?"